காணாமல் போன கேள்வி

"திருடு போனது இன்னா சார்? நகையா, பத்திரமா?" என்று கேட்டான் வீரபாகு.

"ஒரு கேள்வி," என்றார் காசிநாதன்.

வீரபாகு திரும்பித் தன் முதலாளி சங்கரியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. எட்டு வருஷமாக இருவரும் சேர்ந்து துப்பறிகிறார்கள். சங்கரி துப்பறிவாள், வீரபாகு வண்டி ஓட்டுவான், மீதி நேரத்தில் பேசுவான். காஞ்சிபுரத்தில் துப்பறிவது என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பதுதான். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற குடும்பங்கள், மாப்பிள்ளை குடிக்கிறானா என்பதையும் கையோடு தெரிந்துகொள்ள இவர்களிடம் வந்து போவார்கள். கேள்வியைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்ட முதல் ஆள் காசிநாதன்தான்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாநிலங்களவை உறுப்பினர். நெசவாளர் சங்கத்துக்கு வழக்காடி வழக்காடியே தலை நரைத்த வக்கீல். சின்ன காஞ்சிபுரத்தில் இன்னமும் அப்பா கட்டிய வீட்டில்தான் இருக்கிறார். ஆறு வருஷப் பதவி வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.

"புரியிற மாதிரி சொல்றேன்மா," என்றார். "அவையில மந்திரியை எழுந்து நின்னு வாயால பதில் சொல்ல வைக்கணும்னா, நட்சத்திரக் குறி போட்ட கேள்வி கொடுக்கணும். பதினஞ்சு நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். குவியும். குலுக்கித்தான் எடுப்பாங்க. பட்டியல்ல பதினஞ்சு கேள்வி இருந்தாலும் ஒரு மணி நேரத்துல அஞ்சாறுதான் எட்டும். ஆறு வருஷத்துல என் கேள்வி அந்த அஞ்சுக்குள்ள வந்ததே இல்ல. இந்தத் தடவை மூணாவதா வந்துது."

"லாட்டரி," என்றான் வீரபாகு.

"அந்த லாட்டரியில விமல்ராஜ் பேரை எழுதியிருந்தேன்பா."

விமல்ராஜை ஊருக்கே தெரியும். ஓரிக்கைப் பக்கத்துப் பையன். போன வருஷம் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன், விஷவாயு தாக்கி அங்கேயே போய்விட்டான். வயது இருபத்தொன்பது. காகிதத்தில் 'தவறி விழுந்தார்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். தொட்டியில் இறங்கிச் செத்தவர்கள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் அவன் பெயர் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் காசிநாதனின் கேள்வி.

"அச்சான பட்டியல் வந்தது. என் கேள்வியைக் காணோம். செயலகத்துல விசாரிச்சா, 'நீங்கதானே கடிதம் போட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டீங்க'ன்றாங்க. இதோ நகல் அனுப்பியிருக்காங்க. என் லெட்டர்ஹெட், என் கையெழுத்து. ஆனா நான் எழுதலமா."

"போலீசுக்குப் போகலியா சார்?" என்றாள் சங்கரி.

"என்னன்னு போறது? கையெழுத்து நிஜமாவே என்னுது. வெத்துத் தாள்ல கையெழுத்து போட்டு ஆபீஸ்ல வெச்சிருக்கற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"மறுபடி கேள்வி கொடுக்கலாமே?"

"பதினஞ்சு நாள் வேணும். எனக்கு அஞ்சு நாள்தான் இருக்குது." நகலை மேஜைமேல் தட்டினார். "ஆனா புதன்கிழமை மூணு நிமிஷம் கிடைக்கும். விடைபெறும் உரை. அவையில பேசுறதுக்கு எந்தக் கோர்ட்டும் என்னைக் கேட்க முடியாது. விமல்ராஜ் பேரைச் சொல்லுவேன். என் கேள்வியைத் திருடினவன் பேரையும் சேர்த்துச் சொல்லுவேன். அந்தப் பேருதான் எனக்கு வேணும். நாளைக்கு மத்தியானம் விமானம்."

*

ஆபீஸ் அறை வீட்டின் முன்பக்கம் இருந்தது. எம்.பி.யின் உதவியாளர் ராமராஜன் இவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே வியர்த்திருந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்று பேனா வைத்திருக்கிற யாரையும் வீரபாகு நம்புவதில்லை.

"ஐயா கையெழுத்து போட்ட தாளுங்க எல்லாம் இந்த பீரோவுலதான் இருக்குது. சாவி என் அரைஞாண்ல. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டேன்."

"அதான் பளபளன்னு இருக்குது," என்றான் வீரபாகு.

ராமராஜன் பீரோவைத் திறந்தார். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் பென்சிலால் ஓர் எண் போட்டு, எது எந்தக் கடிதமாகப் போனது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. வீரபாகுவின் சந்தேகம் இரண்டு நிமிஷத்தில் வீணாய்ப் போயிற்று.

சங்கரி நகலை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல டெல்லி போன் நம்பர் வேற மாதிரி இருக்குதே சார்?"

ராமராஜன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அட, இது பழைய வீட்டு நம்பர்மா. ஐயா போன புதுசுல குடுத்தது. அஞ்சு வருஷம் முன்னாடியே மாத்திட்டாங்க. அந்த லெட்டர் பேடு அப்பவே தீர்ந்துபோச்சு."

"தீர்ந்துபோன பேடுல ஒரே ஒரு தாள் மட்டும் இத்தனை நாள் எங்க இருந்துது?"

சங்கரி நகலின் மூலையை விரலால் தொட்டுக் காட்டினாள். டெல்லியிலிருந்து வந்த நகல் கறுப்பு வெள்ளை. நான்கு மூலையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.

"டீ டம்ளர் வெச்சிருப்பாங்க மேடம்," என்றான் வீரபாகு.

"நாலு மூலையிலுமா?"

"டெல்லிக்காரங்க ஒழுங்கா வெப்பாங்க."

அந்த நேரம் பார்த்து பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகள் கல்யாணம். எம்.பி. ஐயா ஊரில் இருக்கும்போதே பத்திரிகை வைக்க வேண்டுமாம். ஐயா போனில் இருக்கிறார் என்றதும் தாம்பாளத்தை மேஜையில் வைத்துவிட்டு, ராமராஜனிடம் இரண்டு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் பத்திரிகை. பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள், மஞ்சளின் நடுவில் குங்குமம்.

சங்கரி பத்திரிகையை எடுத்தாள். நேராக ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய் மூடியைத் திறந்து அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"மேடம், சாப்பாட்டுக்கு ஒரு பத்திரிகை போதும். காப்பி எடுத்துக்கினு போனா ரெண்டு எலையா போடுவாங்க?"

மெஷின் நகலைத் துப்பியது. நான்கு மூலையிலும் சாம்பல் நிறத் தீற்றல், நடுவில் கறுப்புப் பொட்டு. வீரபாகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதற்குமேல் அவன் டீ டம்ளரைப் பற்றிப் பேசவில்லை.

"ராமராஜன் சார், இந்த வீட்ல புது பேடு வந்தா முதல் தாளை இன்னா பண்ணுவீங்க?"

"ஐயா எம்.பி. ஆன அன்னிக்கு பிரஸ்ல இருந்து மொத பேடு வந்துது. மொத தாளுக்கு அம்மாதான் மஞ்சள் குங்குமம் வெச்சாங்க. கீழ ஐயாவை ஒரு கையெழுத்து போடச் சொன்னாங்க. வேற எதுவும் எழுதல. வரதராஜர் கோயில்ல வெச்சு வாங்கிக்கினு வந்து…"

"வந்து?"

"சாமி ரூம்ல வெச்சாங்க," என்றார் ராமராஜன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

*

காசிநாதனின் மனைவி கங்கையம்மாள் சமையலறையில் கணவருக்கு டெல்லிக்குப் பருப்புப்பொடி கட்டிக்கொண்டிருந்தார். சங்கரி நகலைக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை. பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மூலையில மஞ்சள் இருக்குதுமா. அதை மட்டும் வெட்டி எடுத்திருந்தீங்கன்னா நான் கண்டுபுடிச்சிருக்கவே மாட்டேன்."

"மஞ்சள் வெச்ச தாள்ல கத்திரி வெக்கிறதா?" கங்கையம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

கணவரின் கேள்வியைத் திருடத் துணிந்த அந்தக் கைக்கு, அவர் பெயருக்கு வைத்த மஞ்சளை வெட்டத் துணிச்சல் வரவில்லை. வீரபாகுவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அவன் வீட்டிலும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

"பீரோவுல ஆபீஸ் தாள் இருக்குதே?"

"அதுல ஒண்ணு போனா ராமராஜன் தலை உருளும். பாவம், புள்ளகுட்டிக்காரன். சாமி ரூம்ல இருக்கறது என்னுது."

"எதுக்குமா இப்படிப் பண்ணீங்க?"

"ஓரிக்கைக்குப் போயிட்டு வா. விமல்ராஜ் பொண்டாட்டியைப் பாரு. பார்த்துட்டு வந்து அவர்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணுச்சுன்னா சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

*

"பட்டறை முதலாளி மிரட்டியிருப்பான் மேடம்," என்றான் வீரபாகு, வண்டியை ஓட்டிக்கொண்டே. "ஆள் வெச்சு மிரட்டியிருப்பான். அம்மா பயந்து, இந்தப் பொண்ணு பயந்து. அவனைப் புடிச்சு உள்ள போட்டா முடிஞ்சுது."

அவனுக்கு உற்சாகமாக இருந்தது. எட்டு வருஷத்தில் மாப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் அவன் மாட்டிவிட்டதில்லை.

விமல்ராஜின் மனைவி தேவிப்ரியா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கங்கையம்மாள் அனுப்பினார் என்றதும் இரண்டு சேரை எடுத்துப் போட்டாள். சுவரில் விமல்ராஜ் கல்யாணக் கோட்டில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"நான்தான் டைப் அடிச்சேன்," என்றாள், இவர்கள் கேட்பதற்கு முன்பே. "ஐயா எப்பவோ ஒரு கேள்வியைத் திரும்ப வாங்கின லெட்டர் அவங்க வீட்ல இருந்துச்சு. அதைப் பார்த்து அம்மா சொல்லச் சொல்ல அடிச்சேன். அந்தத் தாள்லயே பிரிண்ட் எடுத்தேன். ஸ்பீடு போஸ்ட்டும் நான்தான் போட்டேன்."

"பட்டறை முதலாளி மிரட்டினாரா?"

"இல்லக்கா. மிரட்டவே இல்ல. ஐயா கேள்வி போட்டிருக்காருன்னு தெரிஞ்சதும் வந்தாரு. இதே சேர்ல உக்காந்து மோர் வாங்கிக் குடிச்சாரு. ஒரு தாளைக் குடுத்துட்டுப் போனாரு."

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்தாள். ஓர் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ். பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை தர்மன் என்கிற காண்ட்ராக்டருக்கு விடப்பட்டிருக்கிறது. ஆட்களை இறக்குவதற்கும் அவர்கள் உயிருக்கும் அவரே முழுப் பொறுப்பு. விமல்ராஜ் செத்துப்போனதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி போட்டிருந்தது.

"தர்மன் யாரு?" என்றாள் சங்கரி.

"என் தம்பி."

வீரபாகு சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அங்கதான் கூலி வேலை செய்யிறான். அன்னிக்கு அவரைக் கயிறு போட்டு மேல இழுத்தது அவன்தான். இவனுக்கும் மயக்கம் வந்துடுச்சு. அவர் போயி ரெண்டு மாசம் கழிச்சு, ஐடி கார்டு தர்றோம்னு கையெழுத்து கேட்டாங்க. போட்டான். கார்டும் குடுத்தாங்க. காண்ட்ராக்டர்னு போட்டிருந்துச்சு. அதை லேமினேஷன் பண்ணிக்கினு ஊர் பூரா காட்டினான்."

சங்கரி தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள். காசிநாதன் அவையில் எழுந்து கேட்பார். மந்திரி கலெக்டரிடம் அறிக்கை கேட்பார். அதிகாரிகள் பட்டறைக்கு வருவார்கள். முதலாளி இந்தத் தாளை நீட்டுவார். விமல்ராஜைத் தொட்டியில் இறக்கிக் கொன்றவன் என்று தர்மனை இழுத்துக்கொண்டு போவார்கள். நல்ல மனசோடு எழுதிய கேள்வி, நேராக இந்த வீட்டுக்குத்தான் வந்து நிற்கும்.

"தேதி பொய்னு கோர்ட்டுல நிரூபிக்கலாம்மா," என்றாள் சங்கரி.

"எவ்ளோ நாள் ஆவும்?"

சங்கரிக்குப் பொய் சொல்ல வராது. "நாலு வருஷம். அஞ்சும் ஆகலாம்."

"அதுவரைக்கும் இவன் எங்க இருப்பான்?"

சங்கரி தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயாகிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே தங்கச்சி?" என்றான் வீரபாகு.

"ஐயா நல்லவரு அண்ணா. சொன்னா, பயப்படாத, நியாயத்தை விடக் கூடாதுன்னுவாரு. விடவும் மாட்டாரு. அதான் அம்மாகிட்ட போயி அழுதேன்." அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "புருசன் போயிட்டாரு. தம்பியையும் தூக்கிக் குடுத்துட்டு, அந்த நியாயத்தை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. "அவன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க," என்றாள் அவசரமாக. "தெரிஞ்சா முதலாளி கழுத்தைப் புடிச்சுடுவான்."

உள்ளே வந்தவனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். கைவிரல்களில் சாயம் போகாமல் நீலமாகப் படிந்திருந்தது. சட்டையில் அந்தக் கார்டு ஆடியது. "யாருக்கா இவங்க?"

"மாப்பிள்ளை விசாரிக்கிறவங்கபா," என்றான் வீரபாகு.

"எனக்கா?" தர்மனின் முகமெல்லாம் சிரிப்பு. கார்டை நேராக்கி விட்டுக்கொண்டான்.

வீரபாகுவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வண்டியை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

*

பாலாற்றுப் பக்கம் வண்டியை நிறுத்தினான். "கண்டுபுடிக்க முடியலன்னு சொல்லிடலாம் மேடம்."

"அப்படிச் சொன்னா புதன்கிழமை ஐயா விமல்ராஜ் பேரைச் சொல்லிடுவார். டிவியில வரும். மறுநாளே அறிக்கை கேப்பாங்க."

"அப்ப உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா கங்கையம்மா மாட்டுவாங்க."

ஆற்றில் தண்ணீர் இல்லை. திருடன் யார் என்று தெரிந்த பிறகு இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது வீரபாகுவுக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த மாப்பிள்ளை எவனாவது குடிகாரனாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினான்.

கடைசியில் உண்மையைத்தான் சொன்னார்கள். சங்கரி ஒப்பந்தத்தின் ஜெராக்ஸை மேஜைமேல் வைத்தாள். "தாள் எங்க இருந்து போச்சுன்னு…" என்று அவள் ஆரம்பித்தபோது, கங்கையம்மாளே வந்து கதவோரம் நின்றார். "நான்தான்," என்றார்.

காசிநாதன் மனைவியைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸைப் படித்தார். மறுபடி படித்தார். அவருக்குள்ளிருந்த வக்கீல் எழுந்து உட்கார்ந்தது வீரபாகுவுக்கே தெரிந்தது.

"அவைக்கு மனுவா அனுப்பலாம்," என்றார். "ஒரு உறுப்பினர் கையெழுத்து போட்டு அறிமுகப்படுத்தணும். வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் உறுப்பினர் இல்ல. சரி, வேற யாரையாவது போடச் சொல்லலாம்." கொஞ்சம் யோசித்தார். "போட்டாலும் கலெக்டர்கிட்டதான் அறிக்கை கேப்பாங்க. சிறப்புக் கவன ஈர்ப்பு கொடுக்கலாம். அதுக்கும் அறிக்கைதான் கேப்பாங்க. மந்திரிக்கு நேரா எழுதினா…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஆறு வருஷமாக அவருக்கு மனப்பாடமாகியிருந்த அத்தனை விதிகளும் சுற்றிச் சுற்றி அந்த ஒரே தாளில் வந்து நின்றன.

மேஜை இழுப்பறையிலிருந்து உரையை எடுத்தார். நான்கு பக்கம். பேனாவைத் திறந்து, விமல்ராஜ் பெயர் இருந்த மூன்றாம் பக்கத்தை முழுக்க அடித்தார். அடித்த பிறகும் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே கங்கா."

"ஆறு வருஷமா நீங்க மந்திரியைத்தான் கேள்வி கேட்டீங்க," என்றார் கங்கையம்மாள். "என்னை ஒண்ணும் கேக்கலியே."

*

புதன்கிழமை வீரபாகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் அவையைப் பார்த்தான். காசிநாதன் எழுந்தார். தலைவருக்கு நன்றி சொன்னார், சக உறுப்பினர்களுக்கு நன்றி சொன்னார், கேன்டீனில் தனக்குச் சர்க்கரை இல்லாமல் காபி போட்டுக் கொடுத்தவருக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். இரண்டு பக்கம் முடிந்தது. மூன்றாவது பக்கத்தைக் கையில் எடுத்தவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை காத்திருந்தது. நேரம் முடிகிறது என்று தலைவர் மெதுவாக நினைவூட்டினார். காசிநாதன் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வீரபாகுவுக்குப் போன் வந்தது. தேவிப்ரியா. டைப்பிங் கடையிலிருந்து, பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம்.

"அண்ணா, ஐயா பேசிட்டாரா? கடையில கூட்டம், பாக்க முடியல."

"பேசிட்டார்மா."

"எங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னாரா?"

"இல்லமா. சொல்லல. நீ பயப்படாம இரு."

"நல்லதுண்ணா," என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. பின்னால் பிரிண்டர் ஓடி நின்றது.

"ஒரு தபாகூட சொல்லலியா அண்ணா?" என்று கேட்டாள்.